காலடிகள் காத்த நகரம் – ஃபாஸ்

 

உலகில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஊர் எது என்று வினவுவோர், மக்கா, மதீனா என்ற விடையையே எதிர்பார்க்கின்றனர். அவ்விரு புனித நகரங்களும் விருப்பு வெறுப்பின் கணக்கில் அடங்குபவை அல்ல. அவை நம் ஈமானோடு கலந்தவை. அவற்றையும் பைத்துல் முகத்தஸையும் தவிர்த்து ஓர் ஊரைக் கூறுமாறு கேட்டால், நான் தயங்காமல் கூறும் பெயர் மொராக்கோ நாட்டின் ஃபாஸ் நகரம்.

அங்கு வானளாவிய கட்டடங்கள் இல்லை. அகன்ற சாலைகளும் இல்லை. அதன் பழைய நகரில், மதிலுக்குள், கார்கள் நுழைய வழியே இல்லை. பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளும் கைவண்டிகளும் மனிதர்களின் கால்களுமே அங்கு போக்குவரத்து. கழுதையை ஓட்டி வருபவர் "பாலக்! பாலக்!" என்று குரல் கொடுப்பார். வழிவிடுங்கள், கவனமாக இருங்கள் என்பது அதன் பொருள். நாம் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். ஏறத்தாழ 1200 ஆண்டுகளாக அந்நகரம் இவ்வாறே நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் அது எனக்குப் பிடித்த நகரம்.

இரு கரைகளில் இரு நகரங்கள்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றல் இத்ரீஸ் இப்னு அப்துல்லாஹ். அப்பாஸிய ஆட்சியாளர்களின் கைக்குத் தப்பி, மேற்கே நெடுந்தொலைவு பயணம் செய்து மொராக்கோவை அடைந்தார். அங்கிருந்த பெர்பர் மக்கள் அவரைத் தம் தலைவராக ஏற்றுக்கொண்டனர். கி.பி. 789-இல் ஆற்றின் கிழக்குக் கரையில் ஃபாஸ் நகருக்கு அவர் அடித்தளமிட்டார். அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ், 809-இல் மேற்குக் கரையில் மற்றொரு குடியிருப்பை எழுப்பினார்.

அந்த இரு கரைகளையும் நிரப்பியவர்கள் யார் தெரியுமா? வீடிழந்து வந்த அகதிகள்! 818-இல் ஸ்பெயினின் குர்துபா நகரில், அமீர் முதலாம் ஹகமுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களில் பல, கிழக்குக் கரையில் குடியேறின. மேற்குக் கரையிலோ, இன்றைய துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கின. எனவே ஒரு கரை அந்தலூஸியர் கரை என்றும், மறு கரை கைரவானியர் கரை என்றும் பெயர் பெற்றன.

இரண்டும் தனித்தனி மதில்களுடன் தனித்தனி நகரங்களாகவே நீண்ட காலம் இருந்தன. அவற்றுக்கிடையே போட்டியும் பூசலும் இருந்தன. பதினொன்றாம் நூற்றாண்டில் முராபித்தீன்களின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷிஃபீன் இந்நகரைக் கைப்பற்றினார். இடையிலிருந்த மதில்களை அகற்றி, இரு கரைகளையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார். அதன் பிறகு ஒரு கரையின் மனிதர் மறு கரைக்கு நடந்து சென்று தொழுதார், வணிகம் செய்தார், பெண் எடுத்தார், பெண் கொடுத்தார். பிரிந்து கிடந்தவர்களைச் சேர்த்து வைப்பதற்குச் சில நேரங்களில் ஒரு சுவரை இடித்து ஒரு வழியைத் திறந்தால் போதும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாக நிற்கிறது.

ஒரு பெண்மணியின் வாரிசுச் சொத்து

கைரவானிலிருந்து வந்த வணிகர்களுள் முஹம்மது அல்ஃபிஹ்ரீ என்பவரும் ஒருவர். அவருக்கு ஃபாத்திமா, மர்யம் என இரு பெண்மக்கள். தந்தையின் மறைவுக்குப் பின் வாரிசுரிமையாகக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு, ஹிஜ்ரி 245-இல், அதாவது கி.பி. 859-இல், ஃபாத்திமா தம் கரையில் ஒரு பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார் என்றும், கட்டி முடியும் வரை நோன்பு நோற்றார் என்றும், அதே காலத்தில் மர்யம் மறு கரையில் அந்தலூஸியர் பள்ளிவாசலை எழுப்பினார் என்றும் பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ ஸர்உ எழுதியுள்ளார். பிற்காலத்தில் அப்பள்ளியில் கண்டெடுக்கப்பட்ட பழைய மரக் கல்வெட்டொன்று, ஹிஜ்ரி 263-ஐயும் இத்ரீஸிய இளவரசர் தாவூதின் பெயரையும் குறிப்பிடுகிறது. ஆகவே தொடக்கம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அந்நகர மக்களின் நெஞ்சில் நிலைத்திருப்பவர் ஃபாத்திமாவே.

அதுவே புகழ்பெற்ற கைரவானியர் பள்ளிவாசல், அல்கராவிய்யீன். 956-இல் அதற்கு மினாரா எழுப்பப்பட்டது. 1134-க்கும் 1143-க்கும் இடையில் முராபித்தீன்கள் அதனைப் பெரிதும் விரிவாக்கினர். பள்ளியின் தூண்களைச் சுற்றி அமர்ந்த பாட வட்டங்கள் வளர்ந்து, அது ஒரு பெரும் கல்விக்கூடமாயிற்று. இடையறாது இயங்கிவரும் உலகின் மிகப் பழைமையான பல்கலைக்கழகம் என இன்று பலரும் அதனைக் குறிப்பிடுகின்றனர். 1963-இல் அது மொராக்கோ அரசின் பல்கலைக்கழக அமைப்பில் இணைக்கப்பட்டது.

நடக்கும் தூரத்தில் வாழ்க்கை

ஃபாஸ் நகரின் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து அமைப்புகள் இருக்கும்: பள்ளிவாசல், சிறுவர் குர்ஆன் பள்ளி, பொதுக் குடிநீர்க் குழாய், ஹம்மாம் எனப்படும் பொதுக் குளியலகம், ரொட்டி சுடும் பொது அடுப்பு. இவை ஐந்தும் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவிலேயே அமைந்திருக்கும்.

வீட்டில் பிசைந்து தட்டிய மாவைப் பலகையில் வைத்து, துணியால் மூடி, பிள்ளைகள் அடுப்புக்காரரிடம் எடுத்துச் செல்வர். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்பது அடுப்புக்காரருக்குத் தெரியும். எந்த வீட்டிலிருந்து இரண்டு நாளாக மாவு வரவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். சிந்தித்துப் பாருங்கள்! பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரம்ப உண்பவர் முழுமையான இறைநம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. பக்கத்து வீட்டாரின் பசி நம் கண்ணில் படுமாறு ஊர் அமைந்திருந்தால் அல்லவா, அந்த நபிமொழியைச் செயல்படுத்த முடியும்?

தொழில்களின் இட ஒழுங்கும் வியப்பிற்குரியது. அல்கராவிய்யீனை ஒட்டி அத்தர், நறுமணப் பொருள் வணிகர்களின் கடைத்தெரு அமைந்துள்ளது. அதன் நூலகத்திற்கு அருகிலுள்ள சதுக்கத்தில் செம்புப் பாத்திரம் செய்வோர் அமர்ந்து தட்டுகின்றனர். தச்சர்களுக்குத் தனி இடம் உண்டு. நாற்றம் மிகுந்த தோல் பதனிடும் தொட்டிகள் ஆற்றோரத்தில் உள்ளன.

வெளியிலிருந்து பார்த்தால் செல்வரின் வீடும் எளியவரின் வீடும் ஒன்றுபோல் தோன்றும். வெறும் சுவர், ஒரு கதவு. அழகிய முற்றமும் நீரூற்றும் ஓடுகளும் உள்ளேதான் இருக்கும். தெருவில் நடக்கும் ஏழையின் மனம் நோகும்படி செல்வம் தெருவில் நின்று பறைசாற்றாது.

பாதைக்கும் உரிமை உண்டு

பாதையின் அளவில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். தெருவில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கற்பித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அவ்வுரிமை. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக அறிவித்தார்கள்.

இந்நபிமொழிகள் யாவும் நடப்பவரை மனத்தில் கொண்டவை என்பதை ஃபாஸ் நகரில்தான் நான் உணர்ந்தேன். வாகனத்தில் விரைபவருக்கு எதிரே வருபவரின் முகம் தெரிவதில்லை. ஸலாம் கூறவும் வாய்ப்பில்லை. ஒடுங்கிய சந்தில் எதிரெதிரே வரும் இருவருள் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்கும்போது முகம் பார்க்கின்றனர், ஸலாம் பிறக்கிறது.

அறிஞர்கள் நடந்த சந்துகள்

மரீனிய சுல்தான்கள் 1276-இல் பழைய நகருக்கு வெளியே புதிய அரச நகரை எழுப்பினர். பழைய நகருக்குள் மத்ரஸாக்களைக் கட்டினர். 1323-இல் தொடங்கிய அத்தாரீன் மத்ரஸாவும், சுல்தான் அபூ இனான் 1350-களில் எழுப்பிய அபூ இனானிய்யா மத்ரஸாவும் இன்றும் கண்ணைக் கவர்கின்றன.

அதே அபூ இனானின் கட்டளைப்படிதான், உலகம் சுற்றிய இப்னு பதூதா தம் பயண வரலாற்றைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதினார். 1355-இல் அந்நூல் நிறைவுற்றது. இலங்கையின் பாவா ஆதம் மலை பற்றியும், மதுரையை ஆண்ட சுல்தான்கள் பற்றியும் நமக்கு இன்று கிடைக்கும் அரிய செய்திகள் அந்நூலில் உள்ளவையே. நம் மண்ணின் ஒரு பக்க வரலாறு, எங்கோ தொலைவில் ஃபாஸ் நகரில் உருப்பெற்ற நூலில் நமக்காகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது!

வரலாற்றியலின் பேரறிஞர் இப்னு கல்தூன், 1354-இல் இளைஞராக இந்நகருக்கு வந்தார். அரசவையில் பணியாற்றினார், சிறையும் கண்டார். பின்னாளில் எகிப்தில் வாழ்ந்தபோது, தாம் எழுதிய பெரும் வரலாற்று நூலின் படியொன்றை அல்கராவிய்யீன் நூலகத்திற்கு வக்ஃபாக அனுப்பி வைத்தார். தம்மைச் சிறையில் அடைத்த நகரத்தையும் அவர் மறக்கவில்லை.

1286-இல் நிறுவப்பட்ட மருத்துவமனை ஒன்றும் இங்கு வக்ஃபு வருவாயில் நெடுங்காலம் இயங்கியது. ஆப்பிரிக்காவைப் பற்றி நூலெழுதிப் புகழ்பெற்ற ஹஸன் அல்வஸ்ஸான், தம் இளமையில் அங்கு எழுத்தராகப் பணிபுரிந்தவர். குழாயில் வரும் நீரும், மாணவர் தங்கும் அறையும், நோயாளிக்கு மருந்தும் யாரோ ஒருவர் எழுதிவைத்த கடையின் வாடகையிலிருந்து வந்தன. நகரைக் கட்டியவர்கள் சுல்தான்கள். அதனை நாள்தோறும் நடத்தியது வக்ஃபு.

பொலிவிழந்ததும் மீண்டதும்

உண்மையை மறைத்துப் புகழ்வது முறையன்று. 1912-இல் இதே ஃபாஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் மொராக்கோ பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ் வந்தது. தலைநகரம் ரபாத்துக்கு மாறியது. பழைய நகரை இடிக்காமல், அதற்கு வெளியே ஐரோப்பியருக்குப் புதிய நகரம் கட்டப்பட்டது. அதனால் பழைய நகரம் தப்பியது, ஆனால் பின்தங்கியது. செல்வமிக்க குடும்பங்கள் பல கஸாபிளாங்காவுக்கும் ரபாத்துக்கும் குடிபெயர்ந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த மாளிகையில், கிராமங்களிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் பல நெருக்கமாகத் தங்கின. பராமரிப்பின்றிச் சுவர்கள் சரிந்தன; ஆறு மாசடைந்தது.

1981-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பின் சீரமைப்புப் பணிகள் படிப்படியாக நடந்தன. ஃபாஸ் நகரில் பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷாவூனீ என்னும் பெண்மணியின் பொறுப்பில் அல்கராவிய்யீன் நூலகம் பழுதுபார்க்கப்பட்டு 2016-இல் பணிகள் முடிந்தன. ஒரு பெண்மணியின் பெயரால் நினைவுகூரப்படும் இடத்தை 11 நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றொரு பெண்மணி மீட்டெடுத்தது எத்துணைப் பொருத்தம்!

இன்றும் அங்கு வாழ்வது எளிதன்று. நோயாளியை வண்டி நிற்கும் வாயில் வரை சுமந்து செல்ல வேண்டும். ஏற்றமும் இறக்கமுமான கற்பாதைகள் முதியோரைச் சோதிக்கின்றன. இவற்றையும் நான் கண்ணாரக் கண்டேன்.

ஒரு வைகறையில்

நான் அங்குத் தங்கியிருந்த நாட்களில், ஒரு நாள் ஃபஜ்ரு தொழுகைக்குப் புறப்பட்டு வழி தவறிவிட்டேன். கைத்தடி ஊன்றியபடி ஒரு பெரியவர் மெல்ல நடந்து சென்றுகொண்டிருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. ஸலாம் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. கையசைத்து என்னை அழைத்துச் சென்றார். வழியில் மூன்று கதவுகள் திறந்தன. மூன்று பேர் அவருடன் சேர்ந்துகொண்டனர். ஒருவர் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

அப்போது என் தந்தையின் நினைவு வந்து கண்கள் நிறைந்தன. அவரும் இளமை முதல் பள்ளிக்கு நடந்தே சென்றவர். எங்கள் வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலிருந்த தெரு பெருஞ்சாலையாக அகன்றது. லாரிகளுக்கு அஞ்சி, அவர் தம் இறுதி ஆண்டுகளில் வீட்டிலேயே தொழுதார். பாங்கோசை கேட்கும், போக முடியாது. திண்ணையில் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையைப் பற்றி அழைத்துச் செல்ல நான்தான் வெளியூரில் இருந்தேன்.

அன்பிற்குரியோரே! பனூ ஸலிமா குலத்தார் தொலைவிலிருந்து மஸ்ஜிதுந் நபவிக்கு வருபவர்கள். பள்ளியின் அருகில் குடியேற அவர்கள் விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அக்காலடிகளுக்கு இடமளித்த நகரமே ஃபாஸ்.

நம்மால் ஃபாஸ் நகரைக் கட்ட இயலாது. ஆனால் நம் தெருவில் வாசற்படியை நீட்டி நடைபாதையை மறிக்காமல் இருக்க இயலும். பள்ளி வாசலில் இருசக்கர வாகனங்களைக் குறுக்கே நிறுத்தாமல் இருக்க இயலும். நடந்து செல்லும் தூரத்திற்கு நடந்தே செல்ல இயலும். தெருமுனையில் காத்து நிற்கும் ஒரு முதியவரின் கையைப் பற்றிக்கொள்ளவும் இயலும்.

நம் காலடிகளை நன்மையின் ஏட்டில் பதிவு செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.