போலி கெட்ட கதை
கம்பிச்சுருளுக்குள் வைத்த எஃகுக் கட்டி மாறுமின்னோட்டத்தால் எப்படிச் சூடேறும் என்று எல்மர் போன்ற மென்பொருளில் கணித்துப் பார்க்கும் சிமுலேஷனை 'உருவகப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். முகத்தைத் தாமரை என்பதல்லவா உருவகம்! இங்கே கணினி, முதலில் மேற்பரப்பு சிவப்பதையும், சுமார் 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தன்மையை இழப்பதையும் நடித்துக் காட்டுகிறது. 'ஒத்தது' எனும் லத்தீன் சிமிலிஸ்தான் சிமுலேஷன் என்ற சொல்லின் வேர். அதிலிருந்து பிறந்த சொல் லத்தீனிலேயே பாசாங்கையும் குறித்தது. நம் 'போல்' ஈன்ற 'போலி'யும் அதே வழிதான் போயிற்று. இலக்கணப்போலியில் இன்றும் குற்றமற்று நிற்கும் சொல், போலி மருந்து, போலிச் சாமியார் என்று பெயர் கெட்டுவிட்டது. சிமுலேஷனுக்கு 'பாவனை' என்று வைக்கலாமென்றால் அது வடசொல், இலங்கையில் அதற்குப் பயன்பாடு என்றும் பொருள். என் வாக்கு 'போலச்செய்தல்' என்பதற்கே.