போஸ்ட்கார்டு அளவில் ஒரு முகம்

வாய்ப்புக் கேட்டுப் படியேறும் நடிகரின் கையில் இருக்கும் படத் தொகுப்புக்குத் தமிழ்த் திரையுலகில் பெயர் ‘ஆல்பம்’. சென்னையின் மேற்குப் பக்கத்தில் அதன் வரலாறு ஆற்காடு சாலையில் தொடங்குகிறது. 1948இல் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து வடபழனிக்கு வந்தது; வாகினியும் அங்கேயே எழுந்தது. வளசரவாக்கம் தாண்டிப் போரூரில் அந்தச் சாலை பூந்தமல்லி சாலையைத் தொடுகிறது. கோடம்பாக்கத்து வாடகை கட்டுப்படியாகாத துணை நடிகர்கள் இந்தத் தடத்தில்தான் மேற்கே நகர்ந்தார்கள். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த ஆவடியிலும், 1964இல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரிலும், தொழிலாளியின் அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் படம் பிடித்த ஸ்டுடியோக்காரரே நடிகருக்கும் படம் பிடித்தார்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஆல்பம் என்பது பெரும்பாலும் நாலைந்து போஸ்ட்கார்டு சைஸ் படங்கள்: நேர்முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம், வேட்டியில் ஒன்று, பேண்ட் சட்டையில் ஒன்று. நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலை மெல்ல ஓட்டி, அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் ‘டச்சிங்’ செய்பவர் மறைப்பார். படத்தின் பின்புறம் பெயர், வயது, உயரம், முகவரி. சொந்தத் தொலைபேசி இல்லாததால் பக்கத்துக் கடையின் பி.பி. நம்பர். படக் கம்பெனியில் கொடுத்த படம் திரும்பி வராது. அதனால் பிரதி போடும் செலவு ஓயவே இல்லை. 1967இல் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ பிலிம் கடைக்கு வந்த பிறகும், துணை நடிகரின் வருமானத்துக்கு ஒரு ரோல் பெரிய செலவாகவே இருந்தது.

இதனால்தான் பழைய படமே பல ஆண்டுகள் சுற்றிவந்தது. தலை நரைத்தவர் இருபது வயதுப் படத்தைக் கொடுத்துவிட்டு நேரில் போய் நிற்பார். கம்பெனி மேனேஜர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். போலீஸ்காரர், பண்ணையார், அப்பா என்று வேடம் மாறும் வயதில்தான் புதுப் படம் அதிகம் தேவைப்பட்டது. ஆனால் அந்த வயதில் கையில் காசு இருந்தவர்கள் குறைவு. இந்தத் தொழிலின் உண்மையான வேதனை அது.

ஒரு புதுப் படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரிய சான்று 1967 ஜனவரி 12இல் சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாக ஊரெங்கும் போனது. பிரசாரத்துக்கு வராமலே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். நடிகரின் ஒப்பனையற்ற முகத்துக்கு அப்படியொரு வலிமை இருப்பதை அந்தச் சுவரொட்டி காட்டியது.

1993இல் சன் டிவி தொடங்கி, நெடுந்தொடர்கள் பெருகியதும் அப்பா, மாமியார், வக்கீல் வேடங்களுக்கு ஆள் தேவை கூடியது. கலர் லேப்கள் பிரிண்ட் விலையைக் குறைத்தன. ஆல்பம் பிளாஸ்டிக் உறைக்குள் தடித்தது. டிஜிட்டல் கேமராவும் பிறகு செல்போனும் வந்தபின் அந்தத் தடித்த புத்தகம் மெலிந்து வாட்ஸ்அப் செய்தியானது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளமாக மாறியதால், ஒருகாலத்தில் கிழக்கே பஸ் ஏறிய நடிகருக்கு வேலை வீட்டருகே வந்தது. பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமையும் என்று 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது.

இன்று ஆடிஷனுக்குக் கேட்பது பெரும்பாலும் எளிமையான படங்கள்தான்: வெறும் சுவர், பகல் வெளிச்சம், ஃபில்டர் இல்லாத முகம், நேராக ஒன்று, இருபக்கமும் ஒவ்வொன்று. தாடி வளர்த்தாலோ எடை கூடினாலோ அன்றே புதிதாக எடுத்து அனுப்புகிறார்கள்.