துண்டும் தகரச் சீட்டும்

மனிதரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வைத்து அவர்களைக் கண்காணிப்பது கணினியோடு பிறந்த வழக்கம் என்று எண்ணுவோர் பலர். ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்ட வரலாறு வேறு விதமாகச் சொல்கின்றது. அங்கே தொழிலாளர் நூறாண்டுகளுக்கு முன்னரே எண்ணிடப்பட்டு ஏட்டில் ஏற்றப்பட்டனர். "கங்காணி" என்னும் சொல்லே கண்காணிப்பவர் என்று பொருள்படுவதன்றோ!

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளிக்குத் தகரச் சீட்டொன்று வழங்கப்பட்டது. அவர் சேரவேண்டிய தோட்டத்தின் குறியும் அவருக்குரிய எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவை எத்தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அச்சீட்டே காட்டிற்று. தோட்டம் சேர்ந்தபின் செக்ரோல் என்னும் பதிவேடு அவரைத் தொடர்ந்தது. பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கப்பட்டது. முழுப் பேர், அரைப் பேர் என்று ஏட்டில் விழுந்தபடியே கூலி அமைந்தது.

இவை யாவற்றினும் வலியது "துண்டு". தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. கடனை எழுதியவர் கங்காணி; அதனைச் சுமந்தவரோ பெரும்பாலும் எழுத்தறியாதவர். கணக்குச் சரிதானா என்று அவர் எவ்வாறு சோதிப்பார்? 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இத்துணை நுணுக்கமாகப் பதியப்பட்ட மக்களுக்குச் சான்றுக்குக் குறைவிராது என்றே எவரும் கருதுவர். நடந்ததோ வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. ஆயின் 1946 ஜனவரிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்றது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. வாழ்நாள் முழுவதும் பேர் விழுந்த ஏடு தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது, தொழிலாளியின் லயத்தில் அன்று. எஞ்சியோர் நிலை 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பேசப்பட்டது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

இவ்வரலாற்றினின்று நாம் அறிய வேண்டுவது யாது? பதிவேடு தன்னளவில் தீதன்று. வருகைக் கணக்கு இன்றேல் கூலிக்கும் ஆதாரம் இராது. ஆயின் அது ஒரு பக்கத்தாரிடம் மட்டுமே இருக்கும்போது, கட்டுவதற்கு உதவுகின்றது, காப்பதற்கு உதவுவதில்லை. ஆகவே எந்தப் பதிவைப் பற்றியும் கேட்க வேண்டியவை சில உள. அதனை வைத்திருப்பவர் யார்? எழுதப்பட்டவர் அதனைப் பார்க்கவும், பிழை இருப்பின் திருத்தவும் இயலுமா? ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற செய்தி மற்றொன்றுக்குச் செல்கின்றதா?

இன்று ஏட்டின் இடத்தில் கணினியும், தகரச் சீட்டின் இடத்தில் கைரேகையும் வருகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் திருத்தவும் மக்களுக்குள்ள உரிமையை எழுத்தில் வகுத்துள்ளது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி கணக்கப்பிள்ளையிடம் சென்று, "என் கணக்கைக் காட்டுங்கள் ஐயா" என்று அச்சமின்றிக் கேட்கும் நாளிலேயே அவ்வெழுத்து மலையகத்தில் உயிர்பெறும்.