உது என்னும் சுட்டு

அது, இது, உது என மூன்று சுட்டுச் சொற்கள் தமிழில் உண்டு. முதலிரண்டும் தமிழர் வாழும் இடமெங்கும் வழங்குவன. மூன்றாவது, தமிழகப் பேச்சில் அருகிவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ இன்றும் நாள்தோறும் வழங்குகின்றது. இதனைக் கொச்சையென ஒதுக்குவாரும் உளர். அது பொருந்தாது. அ, இ, உ ஆகிய மூன்றையுமே சுட்டு என வகுத்தது தொல்காப்பியம்.

சுட்டொலிகளின் ஆழத்தை ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947). மானிப்பாயிற் பிறந்து, புகையிரதப் பகுதியிற் பணியாற்றிப் பின்னர்க் கத்தோலிக்கக் குருவானவர் அவர். 1938ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, தமிழ் வேர்ச்சொற்களை இடங்குறிக்கும் சில சுட்டொலிகளிலிருந்து பிறந்தனவாகக் காட்ட முயன்றது. வேர்கள் யாவற்றையும் இவ்வாறு அடக்குதலை இன்றைய மொழியியலார் பொதுவாக ஏற்பதில்லை. எனினும், பெயரிடுதற்கு முன்னரே மனிதன் சுட்டினானோ என்னும் வினா அதனால் எழுகின்றது.

இதனையொத்த வினா ஜெர்மனியிலும் எழுந்தது. பொருள்கள் நம் அனுபவத்திலே தோன்றுமாற்றை ஆராயும் நெறி தோற்றப்பாட்டியல் எனப்படும். அதனைத் தொடக்கிய ஹுஸ்ஸெர்ல், 1900–1901இல் வெளியிட்ட நூலில், 'நான்', 'இங்கே' போன்ற சொற்களின் பொருள் பேசுவோனையும் அவன் நிலையையும் நோக்கியே நிறைவுறும் என்றார். அவருக்கு உதவியாளராயிருந்த ஹைடெக்கர், 1927இல் 'இருப்பும் காலமும்' என்ற நூலை வெளியிட்டார். நான், நீ, அவன் என்பவற்றை இடச்சொற்களாலேயே உணர்த்தும் மொழிகள் உள என ஹம்போல்ட் முன்னர்க் கண்டதை அதில் எடுத்துக்காட்டி, அச்சொற்கள் வெறும் இடத்தையன்றி, மனிதன் உலகில் இருக்கும் முறையையே உணர்த்துவன என்றார்.

இவ்வுண்மைக்கு நம் உகரச்சுட்டே சான்று. அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதை அது சுட்டும் என்பர் இலக்கணகாரர். யாழ்ப்பாண வழக்கில் கேட்போனிடத்துள்ளதையும் சுட்டும். கடல்கடந்து வாழும் மகனிடம் தொலைபேசியில், "உங்கை மழையோ?" என்று வினவுகிறாள் தாய். தூரத்தை மட்டும் நோக்கின் 'அங்கை' என்றே சொல்லவேண்டும். அவள் நோக்குவது மகன் நிற்கும் இடத்தை. இது என்னிடத்தது, உது உன்னிடத்தது, அது நம்மிருவர்க்கும் அப்பாலது. உள்ள பொருளை 'நீ' என ஒருவன் இருக்கும் உலகில் வைத்துக் காண்பது இவ்வழக்கு.

ஆதலின், மாணவர் வாயில் 'உது' வரும்போது அதனைத் திருத்த விரையாது, அதன் தொன்மையையும் பொருளையும் எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். அச்சொல் வழக்கொழியுமாயின், கேட்போனுக்கென நம் மொழி ஒதுக்கிவைத்த இடமும் உடன் ஒழியும்.