டேவி நினைவுச் சொற்பொழிவு: கேப்டவுனில் கல்விச் சுதந்திரத்தின் கதை

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் டி. பி. டேவி நினைவுச் சொற்பொழிவு 1959-இல் தொடங்கியது. கல்விச் சுதந்திரம் அதன் நிலையான பொருள். மறைந்த துணைவேந்தர் ஒருவரின் நினைவாக இதை ஏற்படுத்தியவர்கள் மாணவர்கள். வெள்ளையர் அல்லாத மாணவர்களைச் சேர்க்கும் உரிமையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து பறித்த சட்டமும் அதே ஆண்டில்தான் நிறைவேறியது. அரசுக்கு எதிராக எழுந்த இந்த மேடை, பின்னாளில் பல்கலைக்கழகத்தின் சொந்த நடத்தையையும் அளக்கும் கோலாயிற்று.

தாமஸ் பெஞ்சமின் டேவி 1895-இல் பிறந்தவர். இங்கிலாந்தின் லிவர்பூலில் மருத்துவம் பயின்று, அங்கேயே நோயியல் பேராசிரியராகவும் மருத்துவப் புலத் தலைவராகவும் விளங்கினார். 1948-இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இன ஒதுக்கலைக் கொள்கையாக அறிவித்துத் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் அந்த ஆண்டுதான். 1955-இல் இறக்கும்வரை அவர் அப்பதவியில் இருந்தார். யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்ற நான்கையும் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கணம். கல்வித் தகுதி ஒன்றே அளவுகோல். அதில் தோலின் நிறத்துக்கு இடமில்லை என்றார்.

அப்போது கேப்டவுன் பல்கலைக்கழகமும் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் ‘திறந்த பல்கலைக்கழகங்கள்’ என்று அழைக்கப்பட்டன. இன வேறுபாடு பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதால் வந்த பெயர் அது. ஆனால் அந்தத் திறப்பு வகுப்பறையோடு நின்றது. விளையாட்டிலும் நடன விருந்துகளிலும் பிரிவினை தொடர்ந்தது. கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது. இந்தச் சிறு இடைவெளியையும் அடைத்துவிட அரசு முனைந்தது.

பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரிக்கும் மசோதா 1957-இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் இரு பல்கலைக்கழகங்களும் கேப்டவுனில் கூட்டு மாநாடு நடத்தி, தங்கள் நிலைப்பாட்டை ஒரு சிறு நூலாக வெளியிட்டன. கேப்டவுனின் வேந்தர் ஆல்பர்ட் வான் டி சாண்ட் சென்ட்லிவர்ஸ், விட்வாட்டர்ஸ்ராண்டின் வேந்தர் ரிச்சர்ட் ஃபீதம் ஆகியோர் அதில் முன்நின்றனர். இருவரும் நீதிபதிகளாக இருந்தவர்கள். ஜூன் 7 அன்று கேப்டவுன் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் நகரத் தெருக்களில் கண்டன ஊர்வலம் நடத்தினர்.

அந்தச் சிறு நூல் கடல் கடந்தும் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பால் ஸ்வீஸி என்ற மார்க்சியப் பொருளியலாளரிடம், பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையைப் பற்றி மாநில அரசு விசாரணை நடத்தியது. பதில் சொல்ல மறுத்த அவருக்கு நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்பட்டது. 1957 ஜூன் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் தாம் தனியாக எழுதிய இசைவுத் தீர்ப்பில், டேவியின் நான்கு உரிமைகளைத் தாங்கிய தென்னாப்பிரிக்க மாநாட்டின் அறிக்கையை மேற்கோள் காட்டினார். இதன்வழி அவை அமெரிக்கச் சட்ட இலக்கியத்திலும் நிலைபெற்றன.

உள்நாட்டில் எதிர்ப்பு பலிக்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டமான பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம், அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெள்ளையர் அல்லாதவர் திறந்த பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்வதைக் குற்றமாக்கியது. ‘விரிவாக்கம்’ என்ற பெயரின் பின்னால் இருந்தது இனத்துக்கொரு கல்லூரி என்ற திட்டம். சூலு மக்களுக்கு ங்கோயே, சோதோ, வெண்டா, சோங்கா மக்களுக்கு டர்ஃப்லூப், கலப்பினத்தவருக்கு பெல்வில் என்று இடங்கள் ஒதுக்கப்பட்டன. நேட்டாலில் வாழ்ந்த தமிழ் வம்சாவளியினர் உள்ளிட்ட இந்தியர்களுக்கென 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கைவிடப்பட்ட கடற்படைக் கட்டடங்களில் ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. தலைமுறைகளாகக் கறுப்பினத் தலைவர்களை உருவாக்கிய ஃபோர்ட் ஹேர் கல்லூரியைத் தனிச் சட்டத்தின் மூலம் அரசு கையகப்படுத்தி, கோசா மக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது.

இந்தச் சூழலில் முதல் டேவி சொற்பொழிவை வேந்தர் சென்ட்லிவர்ஸே நிகழ்த்தினார். நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, கலப்பின வாக்காளர்களைப் பொதுப் பட்டியலிலிருந்து நீக்கிய சட்டத்தை 1952-இல் செல்லாததாக்கிய நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். வாக்குரிமை வழக்கில் அரசை எதிர்கொண்ட ஒருவர் இந்த மேடையைத் தொடங்கிவைத்ததால், கல்விச் சுதந்திரம் ஆசிரியர்களின் தனிச்சலுகை என்ற அளவில் நிற்காமல் குடிமக்களின் உரிமைகளோடு இணைத்துப் பார்க்கப்பட்டது.

1961-இல் பேசிய இசட். கே. மேத்யூஸ் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஆப்பிரிக்க விழிப்புணர்வும் பல்கலைக்கழகங்களும். ஃபோர்ட் ஹேரில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்த அவர் 1956-இல் தேசத்துரோக வழக்கில் கைதானவர். கல்லூரியை அரசு எடுத்துக்கொண்டபோது, ஓய்வு பெறும் காலம் நெருங்கியிருந்தும், ஓய்வூதியத்தை இழந்து பதவியைத் துறந்தார். பறிக்கப்பட்ட சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஒருவரைக் காண்பது கடினம்.

இதற்கு இணையாக, தென்னாப்பிரிக்க மாணவர்களின் தேசிய ஒன்றியம் ஆண்டுதோறும் கல்விச் சுதந்திரத்துக்கான ‘உறுதியேற்பு நாள்’ கொண்டாடிவந்தது. 1966 ஜூன் 6 அன்று கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அந்நாள் உரையை நிகழ்த்தியவர் அமெரிக்கச் செனட்டர் ராபர்ட் கென்னடி. அவரை அழைத்த ஒன்றியத் தலைவர் இயன் ராபர்ட்சன்மேல் அதற்கு முந்தைய மாதமே அரசு தடையாணை பிறப்பித்திருந்ததால் அவர் கூட்டத்துக்கு வர முடியவில்லை. அவருடைய நாற்காலி மேடையில் காலியாகவே விடப்பட்டது.

யார் கற்பிப்பது என்ற உரிமை 1968-இல் சோதனைக்கு வந்தது. கேப்டவுனிலேயே பயின்ற ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின அறிஞரைச் சமூக மானுடவியல் துறையில் முதுநிலை விரிவுரையாளராக நியமிக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. கறுப்பினத்தவர் கற்பிப்பதை அன்றைய சட்டம் வெளிப்படையாகத் தடுக்கவில்லை. ஆனாலும் அரசு மிரட்டியதும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு நியமனத்தைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்ட் மாதத்தில் சுமார் 600 மாணவர்கள் நிர்வாகக் கட்டடமான பிரெம்னரில் ஒன்பது நாள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். முடிவு மாறவில்லை. மஃபேஜே வெளிநாடுகளில் பணியாற்றிப் பெயர்பெற்றார். 1990-களில் அவர் திரும்பிவர முயன்றபோதும் இடம் கிடைக்கவில்லை. 2007-இல் அவர் காலமான பிறகு, 2008-இல் பல்கலைக்கழகம் அவருடைய குடும்பத்தாரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 1959-இல் சட்டத்தால் தோற்ற பல்கலைக்கழகம், 1968-இல் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் பணிந்துபோனது என்பதே இந்த நிகழ்வைத் தனித்துக் காட்டுகிறது.

1980-களில் சேர்க்கைத் தடை தளரத் தொடங்கியது. அமைச்சரின் அனுமதிக்குப் பதிலாக இனவாரி ஒதுக்கீட்டு வரம்பை விதிக்க 1983-இல் வந்த சட்டம், பல்கலைக்கழகங்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வரவில்லை. வளாகப் போராட்டங்களை அடக்காவிட்டால் மானியத்தைக் குறைப்போம் என்று 1987-இல் கல்வி அமைச்சர் எஃப். டபிள்யூ. டி கிளர்க் விதித்த நிபந்தனைகளையும் கேப்டவுன், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகங்கள் நீதிமன்றத்தில் முறியடித்தன.

அதே காலத்தில் உள்ளிருந்து வேறொரு பூசல் கிளம்பியது. இன ஒதுக்கல் ஆட்சியைத் தனிமைப்படுத்த, வெளிநாட்டு அறிஞர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வரக்கூடாது என்ற கல்விப் புறக்கணிப்பு இயக்கம் வலுத்திருந்தது. அதை மீறி 1986-இல் கேப்டவுனுக்கு வந்து பாடம் நடத்திய அயர்லாந்து எழுத்தாளர் கோனர் குரூஸ் ஓ’பிரையனின் வகுப்புகளை மாணவர்கள் இடைமறித்தனர். எஞ்சிய வகுப்புகள் கைவிடப்பட்டன. விடுதலைப் போராட்டத்தின் தேவையும் பேச்சுரிமையும் மோதும்போது எதற்கு முதலிடம் என்ற கேள்வி, அதுவரை ஒரே அணியில் நின்றவர்களைப் பிரித்தது.

1991 மே மாதத்தில் டேவி சொற்பொழிவை நிகழ்த்திய பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத் இந்தக் கேள்வியை நேரடியாகத் தொட்டார். ஆதிக்கம் விலகியதும் கல்வியைத் தேசிய அடையாளத்தின் சேவகனாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது என்று, அரபு நாடுகளின் அனுபவத்தைக் காட்டி எச்சரித்தார். தன் எல்லையைக் காவல் காக்கும் அரசனைப் போலன்றி, பிற நிலங்களைக் கடந்து செல்லும் பயணியைப் போல அறிஞர் இருக்க வேண்டும் என்பது அவர் உரையின் மையம்.

1996-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தன் 16-ஆம் பிரிவில் கருத்துச் சுதந்திரத்தின் ஓர் உறுப்பாகக் கல்விச் சுதந்திரத்தையும் அறிவியல் ஆய்வுச் சுதந்திரத்தையும் சேர்த்தது. டேவி கேட்டது அடிப்படை உரிமையாயிற்று. அத்துடன் சொற்பொழிவின் பார்வையும் விரிந்தது. 1997-இல் பேசிய அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, அரசைத் தாண்டித் தனியார் நிறுவனங்களிடம் குவியும் அதிகாரம் மக்களாட்சியை எப்படிச் சுருக்குகிறது என்பதை எடுத்துக்கொண்டார்.

எதைக் கற்பிப்பது என்ற உரிமை 1998-இல் விவாதத்துக்கு வந்தது. ஆப்பிரிக்கவியல் துறையில் ஏ. சி. ஜோர்டன் இருக்கையில் இருந்த உகாண்டா அறிஞர் மஹ்மூத் மம்தானி, ஆப்பிரிக்கா பற்றிய ஓர் அடிப்படைப் பாடத்தை வகுத்தார். சக ஆசிரியர்கள் அதை ஏற்காததால் எழுந்த மோதலுக்குப் பிறகு 1999-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார்.

யாரைப் பேசவிடுவது என்ற கேள்வி டேவி மேடைக்கே வந்தது 2016-இல். நபிகள் நாயகத்தைச் சித்தரித்த கேலிச்சித்திரங்களை 2005-இல் வெளியிட்ட டென்மார்க் நாளிதழின் அப்போதைய பண்பாட்டுப் பகுதி ஆசிரியர் ஃபிளெமிங் ரோஸை, பல்கலைக்கழகத்தின் கல்விச் சுதந்திரக் குழு உரையாற்ற அழைத்திருந்தது. 2015 ஏப்ரலில் பிரிட்டிஷ் காலனியாதிக்கவாதி செசில் ரோட்ஸின் சிலை அகற்றப்பட்டது முதல் கொந்தளித்துக்கொண்டிருந்த வளாகத்தில் மோதல் வெடிக்கும், பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று கூறித் துணைவேந்தர் மேக்ஸ் பிரைஸ் அழைப்பை ரத்து செய்தார். கல்விச் சுதந்திரக் குழு அதை ஏற்கவில்லை. கல்விச் சுதந்திரத்துக்கான மேடையிலேயே பேச்சாளர் தடுக்கப்பட்டார் என்று ஒரு சாராரும், பிறர் நம்பிக்கையை இழிவுபடுத்தியவருக்கு இந்தப் பெருமை எதற்கு என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர்.

2017 ஆகஸ்டில், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் விலகிச் சென்ற மம்தானியே டேவி சொற்பொழிவாளராகத் திரும்பிவந்தார். காலனியத்தின் பிடியிலிருந்து பல்கலைக்கழகத்தை விடுவிப்பது அவர் தலைப்பு. ஐரோப்பாவில் உருவான கோட்பாடுகளுக்கு ஆப்பிரிக்கா தரவு மட்டும் வழங்கும் நிலை மாற வேண்டும் என்றார். ஆஃப்ரிகான்ஸ் மொழி அரசு ஆதரவோடு உயர்கல்வி மொழியாக வளர்ந்ததைச் சுட்டி, ஆப்பிரிக்க மொழிகளுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று வாதிட்டார். டேவியின் நான்கு உரிமைகளில் முதல் அரை நூற்றாண்டில் பெரிதாகப் பேசப்பட்டவை, யாரைச் சேர்ப்பது, யார் கற்பிப்பது என்ற இரண்டும். அவற்றில் அரசே எதிர்த்தரப்பு. எதை, எப்படிக் கற்பிப்பது என்ற மற்ற இரண்டையும் பற்றிய விவாதம், இப்போது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுக்களிலும் வகுப்பறைகளிலும் நடக்கிறது.