ஸ்ரீநகர்: ஏரிக்கு அப்பால்

ஸ்ரீநகருக்குச் செல்லும் நம்மவர் பலர் தால் ஏரியில் படகேறி, 1619-இல் ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமார் பூங்காவையும், 1633-இல் ஆசப் கான் அமைத்த நிஷாத் பூங்காவையும் கண்டு, குங்குமப்பூவுடன் திரும்பிவிடுகின்றனர். பூங்காக்கள் அழகியவையே. ஆயினும் நகரின் வரலாறு அவற்றுக்கு அப்பாலும் விரிந்து கிடக்கிறது.

முதலில் சங்கராசாரியார் குன்றில் ஏறுவோம். உச்சியிலுள்ள பழைய கற்கோயிலருகே நின்று நோக்கினால் ஒருபுறம் ஏரியும், மறுபுறம் வளைந்து வளைந்து செல்லும் ஜீலம் நதியும் தோன்றும். இந்நகரின் வாழ்வும் துயரமும் இந்நீரே. 9-ஆம் நூற்றாண்டில் அவந்திவர்மன் ஆட்சியில் சுய்யன் என்பவன் நதியின் அடைப்புகளை நீக்கி வெள்ளத்தைத் தணித்தான் என்று கல்ஹணரின் 'இராஜதரங்கிணி' கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 2014 செப்டம்பரில், அதே நதி நகரின் பெரும் பகுதியை மூழ்கடித்தது. சுய்யனின் பணி ஒருமுறை செய்து முடிக்கத்தக்கதன்று, தலைமுறைதோறும் செய்யவேண்டியது.

குன்றிலிருந்து இறங்கிப் பழைய நகருக்குள் செல்வோம். அங்கே ஜைனா கதல் இருக்கிறது. காஷ்மீரியில் 'கதல்' என்றால் பாலம், நமது கடலன்று. 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் தம் அன்னைக்கு எழுப்பிய செங்கற் கல்லறை அதன் அருகே, பழைய கோயிலொன்றின் கல் அடித்தளத்தின் மீது நிற்கிறது. மகாபாரதத்தையும் இராஜதரங்கிணியையும் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தவர் அவரே. கல்ஹணர் விட்ட இடத்திலிருந்து வரலாற்றை வடமொழியில் தொடர்ந்த ஜோனராஜரும் அவர் அவைப் புலவரே. மொழிபெயர்ப்பால் பிழைக்கும் நாம் அவ்விடத்தைக் கைகூப்பாமல் கடக்க இயலவில்லை.

சிறிது தொலைவில் ஜாமியா மசூதி. 1394-இல் சுல்தான் சிக்கந்தர் தொடங்கிய இது மும்முறை தீக்கிரையாயிற்று. மும்முறையும் மீண்டும் எழுந்தது. 300-க்கு மேற்பட்ட தேவதாரு மரத்தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன.

தமிழரான என். கோபாலசாமி ஐயங்கார் 1937 முதல் 1943 வரை காஷ்மீர சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். அயலூரில் வாழ்ந்து, அவ்வூரின் பொறுப்பையும் ஏற்றவர் அவர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், செல்லும் ஊரின் காட்சியோடு அதன் கதையையும் கேட்டறிவது நமது கடமை. ஏரிக்கு ஒரு மாலையைக் கொடுப்போம். பழைய நகருக்கு ஒரு காலையையேனும் ஒதுக்குவோம்.