நாய் மரபணுச் சோதனையும் குற்ற வழக்குகளும்

குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் நாயின் இரத்தம், முடி, எச்சில் ஆகியவற்றிலுள்ள டி.என்.ஏ.வை ஒரு குறிப்பிட்ட நாயின் டி.என்.ஏ.வோடு ஒப்பிடுவதே நாய் மரபணுச் சோதனை. டி.என்.ஏ. மூலம் மனிதரை அடையாளம் காணும் முறையை இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டறிந்தார். வளர்ப்பு விலங்குகளின் டி.என்.ஏ. நீதிமன்றத்துக்கு வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

முதலில் வந்தது நாய் அன்று, பூனை. 1994இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய இரத்தம் படிந்த தோல் மேற்சட்டை ஒன்றில் வெள்ளை முடிகள் இருந்தன. சந்தேகத்துக்கு உள்ளானவர் வாழ்ந்த வீட்டில் ஸ்னோபால் என்ற வெள்ளைப் பூனை இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் ஓ'பிரையனின் குழு சோதித்தபோது முடியும் பூனையும் பொருந்தின. ஆனால் அது சிறிய தீவு. அங்குள்ள பூனைகள் எல்லாம் நெருங்கிய உறவாக இருந்தால் இந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லை. ஆகவே அத்தீவின் வேறு பூனைகளையும் சோதித்து, அவற்றிடையே போதிய வேறுபாடு இருப்பதை உறுதி செய்துகொண்டனர். 1996இல் குற்றவாளி தண்டிக்கப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு வீட்டில் இருவரும், அவர்களுடைய நாய் சீஃப்பும் சுடப்பட்டு இறந்தனர். பிடிபட்ட இருவரின் உடைகளில் நாய் இரத்தம் இருந்தது. அது சீஃப்பின் டி.என்.ஏ.வோடு பொருந்துவதாக 1998இல் சாட்சியம் கூறப்பட்டது. இருவரும் தண்டனை பெற்றனர். ஆனால் 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிவியலாளர்களிடையே இம்முறை பொதுவாக ஏற்கப்பட்டதா என்று விசாரிக்காமல் சான்றை அனுமதித்தது தவறு என்றது. மற்ற சான்றுகள் வலுவாக இருந்ததால் தண்டனை மட்டும் நிலைத்தது.

ஏன் இந்தத் தயக்கம்? ஓர் இனத்தின் தூய்மையைக் காக்க, உறவுள்ள நாய்களையே இணைசேர்ப்பது வழக்கம். அதனால் ஒரே இனத்து நாய்கள் இரண்டின் டி.என்.ஏ. ஒத்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. வேர் இல்லாமல் உதிர்ந்த முடியில் பெரும்பாலும் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே கிடைக்கும். ஒரு தாயின் குட்டிகள் அனைத்துக்கும் அது ஒன்றே. ஆகவே, ஒரு நாயை 'இது அன்று' என்று விலக்க அது உதவும். 'இதுவேதான்' என்று உறுதியாகச் சொல்ல உதவாது.

எனவே 'பொருந்துகிறது' என்று ஆய்வகம் சொன்னால் விசாரணை முடிந்துவிடுவதில்லை. வேறு எத்தனை நாய்களுக்கு அது பொருந்தும் என்பதையும் கேட்க வேண்டும். ஒருவரின் விடுதலையோ ஆயுள் சிறையோ அந்த விடையைப் பொறுத்து அமையலாம்.